ஏழு ஊர்... ஏழு நடனம்!

திருநள்ளாறு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும், குட்டீஸ்? சனீஸ்வரன் சன்னிதி, நளதீர்த்தம், சனிப்பெயர்ச்சிக் கூட்டம்... சரிதானே? காரைக்காலுக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர்க் கோவிலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது ஒரு நடனம்! பெயர், 'உன்மத்த நடனம்'. தன்னை மறந்து, பித்துப் பிடித்தவர் போலச் சுழன்று ஆடுவது என்று பொருள்.

ஆடுபவர் யார் தெரியுமா? தியாகராஜப் பெருமான்! சுவாமி எப்படி ஆடுவார் என்கிறீர்களா? அவரைத் தோளில் சுமந்து வருபவர்கள் ஒன்றாக அடி எடுத்து வைத்து அசைவார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு சுவாமியே ஆடுவது போலத் தெரியும்.

இதற்கு ஒரு புராணக் கதை உண்டு. முசுகுந்தச் சக்கரவர்த்தி, அசுரர்களை வெல்ல இந்திரனுக்கு உதவினார். பரிசாக, இந்திரன் பூஜித்து வந்த தியாகராஜரைக் கேட்டார். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதே போல ஆறு உருவங்களைச் செய்ய வைத்து, 'இவற்றில் உண்மையானது எது?' என்றான். முசுகுந்தர் சரியாகக் கண்டுபிடிக்க, ஏழையுமே கொடுத்து விட்டான். அவை ஏழு ஊர்களில் இருக்கின்றன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நடனம்!

* திருவாரூர்: அஜபா நடனம் (மூச்சு ஏறி இறங்குவது போல)
* திருநள்ளாறு: உன்மத்த நடனம்
* நாகப்பட்டினம்: பாராவாரதரங்க நடனம் (கடல் அலை போல)
* திருக்காறவாசல்: குக்குட நடனம் (சேவல் போல)
* திருக்குவளை: பிருங்க நடனம் (வண்டு போல)
* திருவாய்மூர்: கமல நடனம் (தாமரை அசைவது போல)
* வேதாரண்யம்: ஹம்சபாத நடனம் (அன்னநடை போல)

அலை, சேவல், வண்டு, தாமரை... எல்லாம் நம் கண்ணில் தினமும் படுபவைதானே! அவற்றை உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒரு நடனம் இருக்கிறது. கலை அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு விஷயம். சிலையை எப்போது போனாலும் பார்க்கலாம். நடனம் அப்படியல்ல, ஆடி முடித்ததும் மறைந்துவிடும். பீரோவில் பூட்டி வைக்க முடியாது. அதைக் காப்பாற்ற ஒரே வழி, மறுபடியும் ஆடுவதுதான். அம்மா போடும் வாசல் கோலத்தைப் பாருங்கள். மதியத்துக்குள் கலைந்து விடுகிறது. ஆனால், போட்டுப் போட்டுக் கைக்கு வந்த லாவகம் கலைவதே இல்லை.

பள்ளி ஆண்டு விழாவில் ஐந்து நிமிட ஆட்டத்துக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறோம். பரிசு கிடைக்காவிட்டால், 'எல்லாம் வீண்' என்று அழுகிறோம். யோசியுங்கள்... அந்த ஒரு மாதத்தில் உங்கள் காலும் கையும் கற்றுக்கொண்டதை யாராவது திரும்ப வாங்க முடியுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விளையாட்டு. ஒரு சேவலைப் பத்து நிமிடம் கவனியுங்கள். முதலில் தலை முன்னே போகும். பிறகுதான் உடம்பு வந்து சேரும். அப்படியே நடந்து பாருங்கள். அடுத்து, நண்பனும் நீங்களும் ஒரு கழியைத் தோளில் வைத்துக்கொண்டு அலை போல அசைந்து நடங்கள். முதல் தடவை சிரிப்புத்தான் வரும், கால் இடறும். விடாதீர்கள். பத்தாவது தடவை இருவர் காலும் தானாகவே சேர்ந்துகொள்ளும்!