மல்லாட்டை விதைக்கு மருந்து கலந்த கை

திண்டிவனம் பக்கம் வந்து நிலக்கடலை என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அது மல்லாட்டைதான். டிஎம்வி ரகங்கள் என்கிறோமே, அந்த டிஎம்வி திண்டிவனத்தின் சுருக்கம். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. வங்கியில் ஓய்வு பெற்றதும் நான் முதலில் விதைத்தது டிஎம்வி 7. வேர்ப்புழுவுக்குப் பயந்து விதையில் குளோர்பைரிபாஸ் கலக்கச் சொன்னேன். கலந்தது கூலிக்கு வந்த ஒரு பெண், வெறுங்கையால். அப்போதே அவர் மூன்று மாதம் முழுகாமல் இருந்தார் என்பது களையெடுப்பின்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோவது அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதைத் துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. நரம்பு ஓயாமல் துடித்துப் புழு சாகிறது. புழுவுக்கு உள்ள அதே நொதிதான் நமக்கும். தாயின் உடம்பில் ஏறியது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்கும் போகும். அதை முறிக்கும் சக்தி பச்சைக் குழந்தைக்கு ரொம்பக் குறைவு.

நியூயார்க்கில் கரப்பான்பூச்சிக்கு வீட்டுக்குள்ளேயே இதை அடித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மருந்து அதிகம் ஏறிய பிள்ளைகளுக்கு ஏழு வயதில் நினைவாற்றலும் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் குறைவாக இருந்ததை 2011இல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் 40 பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்தார்கள். ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் இயல்பாக உள்ள சில அமைப்பு வித்தியாசங்கள், அதிகம் ஏறியவர்களிடம் கலைந்து போயிருந்தன. நினைவில் வைத்து வேலை செய்யும் திறனில் பையன்களுக்கே அடி கூடுதல். அமெரிக்கா வீட்டு உபயோகத்தை 2001க்குள் நிறுத்திவிட்டது. நம் மாநிலத்தில் இதற்கு 60 நாள் தடை வந்தபோது சொன்ன காரணம் தற்கொலை. வயிற்றுப் பிள்ளையை யாரும் பேசவில்லை.

மருந்தை மட்டும் குற்றம் சொன்னால் கணக்கு பாதிதான். மூளை நரம்புகளுக்கு உறை போடவே இரும்புச் சத்து வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 சதவீதம். மாதாமாதம் ரத்தம் போவது இயற்கை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது நாம் பழக்கிவைத்தது. அதோடு வாராவாரம் குழுக் கடன் தவணை. ஓயாத கவலையில் ஊறும் கார்ட்டிசாலைப் பெருமளவு நஞ்சுக்கொடி வடிகட்டிவிடும். கவலை நீடித்தால் அந்த வடிகட்டியும் தளரும். பயிர்க்கடன் மனுக்களில் எத்தனையோ கையெழுத்துப் போட்டவன் நான். வீட்டில் யாராவது பிள்ளைத்தாய்ச்சியா என்ற கட்டம் எதிலும் கிடையாது.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், சொன்னது மறந்து போகிறது என்று டீச்சர் சொல்கிறாராம். சில பிள்ளைகள் அப்படித்தான். என் விதைதான் காரணம் என்று ஒரு பிள்ளையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

போன வருஷம் மனசு கேட்காமல் அந்த அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க கொல்லையில மட்டுமா சார் கலந்தேன்? அந்த வருசம் எல்லாரு கொல்லையிலயும் நான்தான" என்றார்.

மார்கழி விதைப்புக்கு வேப்பம் புண்ணாக்கு சொல்லி வைத்திருக்கிறேன், கடைசி உழவில் போட. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மூன்று பேரிடமும் பேசினேன். ஒருவர் சரி என்றார்.