விலகல் பாரம் காட்டிய ஐந்து கதவுகள்

கடந்த ஆண்டு, இரண்டாம் பருவத்தின் ஒன்பதாவது வாரம். அன்று காலை என் பையில் பாடப்புத்தகம் எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து விலகுவதற்கான பாரம் ஒன்று மட்டும் இருந்தது. ஒரே தாள்தான். அதன் அடியில் ஐந்து கட்டங்கள்: நூலகம், விடுதி, நிதிப் பிரிவு, கல்வி ஆலோசகர், மாணவர் விவகாரப் பிரிவு. இந்த ஐந்து இடங்களிலும் கையெழுத்து வாங்கிவிட்டால் நான் அங்கே மாணவி இல்லை.

நான் படிப்பது சிலாங்கூரில் உள்ள ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகம். இரண்டு கட்டடங்கள், ஒரு கேண்டீன், ஒரு விடுதி. சொந்த ஊர் தெலுக் இந்தான். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். முடித்தவள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் துணி தைக்கிறார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். இந்த இடத்தை அப்பாதான் தேர்ந்தெடுத்தார். "சின்ன இடம்மா, பிள்ளைய நல்லா பார்த்துக்குவாங்க" என்றார்.

விலகும் அளவுக்கு என்ன நடந்தது? பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கடன் ஒப்பந்தப் பத்திரத்தில் சாட்சி கையெழுத்து விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம்மில் பலர் பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகக் கடனை நம்பித்தான் சேர்கிறோம். 1997இல் தொடங்கப்பட்ட கழகம் அது. விண்ணப்பிக்க முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். கடன் அங்கீகரிக்கப்பட்டதும் ஒப்பந்தப் பத்திரங்களை நிரப்பி, கையெழுத்திட்டு, சரிபார்ப்புக்குக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பக்கம் சரியில்லை என்றாலும் எல்லாம் நின்றுவிடும். என் பத்திரம் திரும்பி வந்தது. அந்தப் பருவத்துக்கான பணம் வரவில்லை.

எட்டாவது வாரம் பல்கலைக்கழக இணையத்தளத்தில் என் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அறிவிப்பு வந்தது. கட்டண நிலுவை 4,350 வெள்ளி. தேர்வு நுழைவுச் சீட்டு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நிதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது" என்று தானியங்கிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால், முதல் பருவத்துக்குப் பதிவுக் கட்டணம் கட்ட அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது எனக்குத் தெரியும். அது இன்னும் மீட்கப்படவில்லை என்பதும் தெரியும். மறுபடியும் பணம் என்று எப்படிக் கேட்பது? வகுப்புக்குப் போவதை மெல்ல நிறுத்தினேன். தேர்வே எழுத முடியாதவளுக்கு விரிவுரை எதற்கு என்று அறையிலேயே படுத்துக் கிடந்தேன். தெலுக் இந்தானில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை விண்ணப்பமும் அனுப்பிவிட்டேன். பிறகுதான் அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் நூலகம். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா என் பெயரைத் தட்டிப் பார்த்தார். "நீ ஒரு புத்தகம்கூட இரவல் வாங்கியதில்லையே" என்றார். உண்மைதான். பாடப்புத்தகங்களை நகலெடுக்க மட்டும் அந்தப் பருவத்தில் அறுபது வெள்ளிக்கு மேல் செலவழித்திருந்தேன். அவர் தமக்குப் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய புத்தகங்கள் அங்கே இருந்தன; நூலகத்துக்குள் வைத்துப் படிக்கலாம். மடிக்கணினிகூட இரவல் தருவார்களாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "வருத்தமாக இருக்கிறது, அடேக்" என்றார்.

அடுத்தது விடுதி. பொறுப்பாளர் சாவியைப் பற்றியும் முன்பணத்தைப் பற்றியும் கேட்டார், கையெழுத்துப் போட்டார். பிறகு, "பணப் பிரச்சினையா?" என்றார். நான் தலையாட்டினேன். "அப்படியென்றால் நிதிப் பிரிவுக்குப் போனதும் பாரத்தை முதலில் நீட்டாதே. பிரச்சினையை முதலில் சொல்" என்றார். ஒன்பது வாரத்தில் எனக்கு உருப்படியான யோசனை சொன்ன முதல் ஆள் அவர்தான்.

நிதிப் பிரிவில் இருந்தவர் அவ்வளவு இனிமையாகப் பேசவில்லை. வரிசை நீளம், மதிய உணவு நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால், என் கதையைக் கேட்டதும் இழுப்பறையிலிருந்து இன்னொரு பாரத்தை எடுத்து வைத்தார். பி.டி.பி.டி.என். பணத்துக்காகக் காத்திருக்கும் மாணவர்களுக்கானது. கடன் அங்கீகாரக் கடிதத்தையும், மீண்டும் சமர்ப்பித்த பத்திரத்தின் நகலையும் இணைத்தால் நிலுவையைத் தள்ளி வைப்பார்கள். நுழைவுச் சீட்டும் கிடைக்கும். கடன் இல்லாதவர்களுக்குத் தவணை முறையில் கட்டும் வசதி இருக்கிறதாம். "ஏன் முன்னமே வரவில்லை?" என்று அவர் கேட்டார். ஏன் முன்னமே யாரும் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், சொல்லியிருக்கிறார்கள். அறிமுக வாரத்தில் மூன்று மணி நேர விளக்கக் கூட்டத்தில், எல்லாச் சேவைகளையும் ஒரே திரையில் ஆங்கிலத்தில் பட்டியலிட்டுக் காட்டினார்கள். ஊரை விட்டு முதன்முதலாக வந்து, கண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. அறிமுக வாரத்தில் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைக்கக் கூடாது. சிவப்பு எழுத்தில் நிலுவையை அறிவிக்கும் அதே பக்கத்தில், "இந்தப் பாரத்தை நிரப்புங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால், நான் இரண்டு வாரம் இருட்டறையில் கிடந்திருக்க மாட்டேன்.

நான்காவது, கல்வி ஆலோசகர். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அந்தப் பாரத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். சீன விரிவுரையாளர் அவர். என் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தார். எங்கள் பல்கலைக்கழகத்தில் 80 விழுக்காடு வருகை இல்லையென்றால் தேர்வெழுத முடியாது. நான்கு பாடங்களில் இன்னும் தப்பிக்கலாம். ஆய்வுக்கூடப் பாடம் ஒன்றில் மட்டும் முடியாது. அந்தப் பாடத்தைக் கைவிட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றார். அதற்குள் கைவிட்டால் தேர்ச்சிப் புள்ளி பாதிக்காது. விட்டுவிட்டால் தோல்வி என்று பதிவாகும். சராசரிப் புள்ளி 2.00க்குக் கீழே போனால் பி.டி.பி.டி.என். பணமும் நிறுத்தப்படும் என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். விலகல் பாரத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. "ஆலோசகரைப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பினார்.

ஐந்தாவது கதவுதான் எனக்குக் கடினம். மனநல ஆலோசகர் அறை மாணவர் விவகாரப் பிரிவுக்குள் இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவு கேண்டீனைப் பார்த்தபடி இருக்கிறது. யார் உள்ளே போகிறார்கள் என்று நாசி லெமாக் சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். சிறிய பல்கலைக்கழகத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். அப்பா விரும்பியது அதைத்தான். அதுவே அன்று எனக்கு வினையாக இருந்தது. கேண்டீன் காலியாகும்வரை கழிவறையில் நின்றுவிட்டுப் போனேன்.

"இங்கே பேசுவதை எங்கள் வீட்டுக்குச் சொல்வீர்களா?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. அந்தப் புவான் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி நம் நாட்டில் ஆலோசகர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். வந்தவர் சொன்னதை இரகசியமாகக் காக்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமை என்றால் மட்டும் மற்றவரிடம் சொல்ல வேண்டிவரும் என்று விளக்கினார். பிறகு மலாயில் மெதுவாகக் கேட்டார்: "உனக்குப் படிப்பு பிடிக்கவில்லையா? இல்லை, களைத்துப் போயிருக்கிறாயா?"

நான் அழுதுவிட்டேன். படிப்பு எனக்குப் பிடிக்கும். அந்தக் கேள்வியை அதுவரை நானே என்னிடம் கேட்டதில்லை. "பாரத்தைத் திங்கட்கிழமை கொண்டு வா. அன்றும் இதே எண்ணம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அன்றிரவு வீட்டுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா முன்னமே சொல்லல? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். குரல் கம்மியிருந்தது. அம்மா கைப்பேசியை வாங்கி, சங்கிலியைப் பற்றி இனிமேல் பேசினால் அடிப்பேன் என்றார்.

திங்கட்கிழமை நான் அந்தப் பாரத்தைக் கொண்டு போகவில்லை. நிதிப் பிரிவு பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஆய்வுக்கூடப் பாடத்தைக் கைவிட்டேன். பத்திரத்தைத் திருத்தி அனுப்பினேன். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் கடன் பணம் வந்து சேர்ந்தது. இப்போது நூலகத்தில் வாரத்தில் ஆறு மணி நேரம் புத்தகம் அடுக்குகிறேன், கைச்செலவுக்கு ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வுக்கூடப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுகிறது. அதைச் சார்ந்த பாடங்களும் தள்ளிப் போய்விட்டன. நண்பர்களைவிட ஒரு பருவம் தாமதமாகத்தான் பட்டம் பெறுவேன். அதற்கான கூடுதல் விடுதிச் செலவும் இருக்கிறது.

இந்த ஆண்டு புதிய மாணவர்கள் வந்தபோது, நானும் இரண்டு தோழிகளும் ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தோம். எந்தப் பிரச்சினைக்கு எந்த அறை, எந்தப் பாரம், கடைசி நாள் எது என்று மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். மாணவர் விவகாரப் பிரிவு அதை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதித்தது. ஆலோசகர் அறைக்கு வேறு பக்கமாக ஒரு வாசல் வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டுத் தனியார் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேட்பது அவமானம் என்று நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். "யாரிடமும் கையேந்தாதே" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள். அது நல்ல பாடம்தான். ஆனால், நாம் கட்டும் கட்டணத்தில்தான் இந்தச் சேவைகளும் நடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குவது கையேந்துவது ஆகாது.

இரவில் மனம் தாங்காத நிலை வந்தால் பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணுக்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-76272929.

பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு அழைக்கும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்கிறீர்கள். அதோடு, "பீஸ் விஷயம் என்ன ஆச்சு?" என்றும் கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்காமல், பிள்ளை வாய் திறப்பதற்காகக் கேளுங்கள்.

புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே, பிரச்சினை ஒன்றும் இல்லாதபோதே, அந்த ஐந்து இடங்களுக்கும் ஒரு முறை நடந்து போய் வாருங்கள். அங்கே இருப்பவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் போதும். அந்த அரை நாளைச் செலவழிக்காததற்கு நான் ஒரு பருவத்தைக் கொடுத்தேன்.