எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும்!

வயசானால் மறதி வருவது சகஜம்தானே என்று சொல்லிக் கொள்கிறோம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரண மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு "இது எதுக்கு?" என்று கேட்டால் அது வேறு. அதைத்தான் டாக்டர்கள் டிமென்ஷியா, மறதி நோய் என்கிறார்கள். அதில் அதிகம் காணப்படும் வகைக்கு, 1906-ல் அதை முதன்முதலாக எடுத்துச் சொன்ன ஜெர்மன் டாக்டர் அல்ஸைமரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்குச் சொல்கிறது. அவர்களில் ஒருவர் என் மாமியார்.

இதை முழுக்கக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆகவே கூட இருந்து பார்த்துக் கொள்கிறவர்கள்தான் மருந்து. அதுவும் தனி ஒருத்தி அல்ல, ஒரு கூட்டம்! இதை நான் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. கண்ணால் பார்த்தேன்.

என் மகள் வயிற்றில் இரட்டைப் பிள்ளை. படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நான்கு மாதம் அத்தையை மதுரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டோம். ஊரில் பேசாத பேச்சில்லை. பேசட்டும். வாரம் இரண்டு நாள் திருவாதவூரிலிருந்து பஸ் ஏறிப் போய், சாயங்காலம் வரை கூட இருந்து விட்டு வருவேன்.

மணி ஐந்தானால் அத்தைக்கு இருப்புக் கொள்ளாது. "மாடு கறக்கணும், வாதவூர் பஸ்ஸு போயிரும், வழிய விடுங்க" என்று வாசலுக்குப் போவார். நாங்கள் மாடு விற்று இருபது வருஷமாயிற்று. அதைச் சொன்னால் அழுகை, கோபம். அங்கே நர்ஸம்மா சொன்ன பதில் என்ன தெரியுமா? "பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு அப்பத்தா. உங்க மாட்டுக்கு எத்தனை கன்னு?" அவ்வளவுதான். அத்தை ஒவ்வொரு கன்றின் பெயரையும் சொல்ல ஆரம்பித்து விடுவார், கையில் காபி வந்துவிடும். வாசலில் இருந்த வாட்ச்மேனும் அதையே கேட்டார். கூட்டிப் பெருக்கும் பெண்ணும் அதையே கேட்டாள்! ஒருவர் "மாடு இல்லை" என்றும் இன்னொருவர் "நாளைக்குப் போகலாம்" என்றும் சொல்லியிருந்தால் அந்தக் கலங்கிய மனசு இன்னும் கலங்கியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று கவனித்தேன். மதியம் இரண்டு மணிக்கு ஆள் மாறும். போகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. வருகிறவர்களோடு கால் மணி நேரம் உட்காருகிறார்கள். சமையல்காரம்மாவுக்கும் அங்கே இடம் உண்டு. யார் சாப்பிட்டார், யார் தூங்கவில்லை, யாருக்கு எப்போது கோபம் வந்தது, என்ன சொன்னதும் தணிந்தது எல்லாம் ஒரு நோட்டில் ஏறுகிறது. அத்தை சாதத்தைத் தொடாமல் இருந்தபோது காரணம் கண்டுபிடித்தது அந்தச் சமையல்காரம்மாதான். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குப் பிரிந்து தெரியவில்லை. பச்சைத் தட்டில் போட்டதும் சாப்பிட்டார்.

இன்னொரு நாள் அத்தைக்கு ஒரே ஆவேசம். புடவையைப் பிடித்து இழுக்கிறார், யாரையும் கிட்டே விடவில்லை. நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தோம். குளிப்பாட்டும் ஆயா மட்டும், "நேத்துலேருந்து ஒண்ணுக்குப் போகையில மொகத்தைச் சுளிக்கிறாக, தண்ணியும் குடிக்கலை" என்றாள். டாக்டர் வந்ததும் அந்த ஆயாவைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரித்தார். சிறுநீரில் கிருமி! மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டார். மறதி நோய்க்காரர்களுக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், நீர் வற்றுதல் என்று உடம்பில் வேறு ஏதாவது இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆயாவுக்கு என்ன தெரியும் என்று அன்று அவளை யாராவது அடக்கியிருந்தால்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தாரும் மறதி நோய்க்காரர்களுக்காக வேலை செய்திருக்கிறார்கள். லண்டனில் உருவான ஒரு குழுப் பயிற்சியை நம் ஊர் முதியவர்களுக்குப் பொருந்தும்படி மாற்றி அமைத்தார்கள். ஆரம்ப நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு தரம், ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். பாட்டு, சாப்பாடு, சின்ன வயசுக் கதை, காசு எண்ணுவது என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. "இது என்ன வருஷம்?" என்று பரீட்சை வைப்பது கிடையாது, "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். இதை நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் யார் முகம் வாடுகிறது என்று பார்த்துக் கொள்வார்.

கோவாவில் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. அந்தந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மறதி நோயாளி உள்ள வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மனநல டாக்டர் இருந்தார். 81 குடும்பங்களில் நடந்த இந்தச் சோதனை 2008-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் பார்த்துக் கொள்கிறவர்களின் மனபாரம் குறைந்திருந்தது. நோயாளிக்கு அல்ல சகோதரிகளே, நமக்கு!

அத்தை வீட்டுக்கு வந்த பிறகு நாங்களும் ஒரு குயர் நோட்டு வாங்கி, காலண்டர் ஆணியில் தொங்க விட்டோம். என் வீட்டுக்காரர், ஓரகத்தி, பையன், நான், எல்லோரும் எழுத வேண்டும். முதல் வாரம் வீட்டுக்காரர் எழுதியது, "நன்றாக இருக்கிறார்" என்ற இரண்டே வார்த்தை! இப்போது, "ராத்திரி 2 மணிக்கு எழுந்தார், லைட் போட்டதும் படுத்தார்" என்று எழுதுகிறார். பாத்ரூம் லைட்டை இரவு முழுக்க எரிய விட்டதும் அந்த வரியால்தான்.

நடுவில் ஆள் அனுப்பும் ஒரு இடத்தில் உதவிக்குப் பெண் கேட்டோம். பத்து நாளைக்கு ஒரு புதுமுகம்! ஒவ்வொரு முகத்துக்கும் அத்தை மிரண்டார். சண்டை போட்டு அதை நிறுத்திவிட்டு, பக்கத்துத் தெருப் பெண்ணையே வைத்துக் கொண்டோம். சம்பளம் கொஞ்சம் அதிகம், வாரம் ஒரு நாள் கட்டாய லீவு, எங்களோடு உட்கார்ந்து சாப்பாடு. அவளுக்கும் நோட்டில் எழுத உரிமை உண்டு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள். எங்கள் எல்லோரையும் விட அதிகமாக எழுதுகிறவள் அவள்தான்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துப் பெண் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வருகிறபோது அவளிடமும் அந்த நோட்டைக் காட்டுகிறோம். இந்த இரண்டையும் நடுத்தர வயதிலேயே கட்டுக்குள் வைத்தால் மறதி நோய் வரும் வாய்ப்பு குறையும் என்கிறார்கள். அதனால் இப்போது அத்தைக்குப் பார்த்து முடிந்ததும் நானும் ஓரகத்தியும் கையை நீட்டி விடுகிறோம். இந்த மாதம் ஓரகத்திக்குத்தான் பிரஷர் கொஞ்சம் கூட. அதையும் நோட்டில் எழுதியாயிற்று.