கொடுத்ததால் நிலைத்தது



அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லெட்ச்வேர்த் பூங்காவில், ஜெனசீ ஆறு பாறையைக் குடைந்து ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றை உருவாக்கியுள்ளது. சில இடங்களில் அதன் ஆழம் ஏறத்தாழ 600 அடி. விளிம்பையொட்டிய சுமார் 7 மைல் பாதையில் நடப்போர் மூன்று பெரிய அருவிகளைக் காண்பர். நடு அருவியின் உயரம் 107 அடி.

இன்று அடர்ந்து நிழல்தரும் இக்கரைகள், ஒரு காலத்தில் மரம் வெட்டுவோரால் மொட்டையாக்கப்பட்டிருந்தன. 1859இல் வில்லியம் பிரையர் லெட்ச்வேர்த் என்னும் வணிகர் அங்கே நிலம் வாங்கினார். மரங்களை நட்டார், பாதைகள் அமைத்தார், பிறரும் வந்து கண்டு மகிழ இடமளித்தார். அவரது முதுமையில், ஆற்றை மறித்து அணை கட்டும் திட்டம் எழுந்தது. அருவிகளுக்கு என்ன நேருமோ என்று அவர் கலங்கினார். 1906இல், தமது 1000 ஏக்கர் நிலத்தை மாநிலத்துக்கே நன்கொடையாக அளித்தார். தம் ஆயுட்காலம்வரை அங்கு வாழும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். 1910இல் மறைந்தார்.

இறுகப் பற்றியிருந்தால், அவர் பாதுகாத்தது அவரோடே முடிந்திருக்கக்கூடும். மனமுவந்து கொடுத்தார், அது நிலைத்தது. இன்று அந்நிழலில் நடப்போரில் எவரையும் அவர் கண்டதில்லை.

நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்துகளுள், ஊரார் இளைப்பாற ஒரு மரநிழலேனும் இருக்குமா?