கண்ட்ரோலை வரைவது யார்?
விண்டோஸ் ஃபார்ம்ஸில் தோற்றத்தை மாற்ற நினைப்பவர்களுக்கு

ஒரு புரோகிரஸ்பாரின் ஃபோர்கலரைச் சிவப்பு என்று கோடில் எழுதுகிறோம். கம்பைல் ஆகிறது, எர்ரர் எதுவும் வரவில்லை. ஓட்டிப் பார்த்தால் பட்டை பச்சையாகவே நகர்கிறது. அதே வரியை ஒரு லேபிளுக்கு எழுதினால் எழுத்து உடனே சிவப்பாகிவிடுகிறது. ப்ராப்பர்ட்டி ஒன்றுதான், கொடுத்த மதிப்பும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று சொன்னபடி கேட்கிறது, மற்றொன்று கேட்க மறுக்கிறது? இதற்கு விடை தெரிந்தவருக்குக் கண்ட்ரோல்களின் தோற்றத்தை மாற்றும் வேலையில் பாதி முடிந்துவிட்டது. கண்ட்ரோலைத் தொடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இதைத் திரையில் வரைவது யார்?

மூன்று வகை கண்ட்ரோல்கள்

டாட்நெட்டின் முதல் பதிப்போடு 2002-ல் வந்தது விண்டோஸ் ஃபார்ம்ஸ். அதற்கு முன்பிருந்தே விண்டோஸுக்குள் இருந்த கண்ட்ரோல்களை எடுத்து, அவற்றைச் சி ஷார்ப்பிலோ விபி டாட்நெட்டிலோ எளிதாகக் கையாளும்படி ஒரு மேலுறை போட்டுக் கொடுத்தது. ஆனால் எல்லாக் கண்ட்ரோலும் அப்படி வந்தவை அல்ல.

முதல் வகையை டாட்நெட்டே வரைகிறது. லேபிள், பேனல், சாதாரண பட்டன், டேட்டாகிரிட்வியூ, மெனுஸ்ட்ரிப் ஆகியவை இதில் சேரும். இவை பெரும்பாலும் நாம் சொன்னதைக் கேட்கும். இரண்டாம் வகையை விண்டோஸ் வரைகிறது. டெக்ஸ்ட்பாக்ஸும் புரோகிரஸ்பாரும் இதற்கு உதாரணம். விண்டோஸ் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டுமே இவற்றில் மாற்ற முடியும். மூன்றாம் வகையையும் விண்டோஸ்தான் வரைகிறது. ஆனால் நாம் கேட்டால் வரையும் பொறுப்பை நம்மிடம் கொடுத்துவிடும். லிஸ்ட்பாக்ஸ், காம்போபாக்ஸ், லிஸ்ட்வியூ, டேப் கண்ட்ரோலின் தலைப்புகள் எல்லாம் இந்த வகை.

புரோகிரஸ்பார் மறுப்பதன் காரணம் இப்போது புரியும். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, கண்ட்ரோல்களுக்குத் தீம் தோற்றம் தரும் விஷுவல் ஸ்டைல்ஸ் வசதியும் வந்தது. அது இயங்கும்போது பட்டையின் நிறத்தைத் தீம்தான் முடிவு செய்கிறது. புரோகிராமின் தொடக்கத்தில் இருக்கும் எனேபிள்விஷுவல்ஸ்டைல்ஸ் வரியை நீக்கினால் சிவப்பு வந்துவிடும். ஆனால் ஒரு பட்டைக்காக மொத்த மென்பொருளும் எக்ஸ்பிக்கு முந்தைய தோற்றத்துக்குப் போய்விடும். அந்த விலை அதிகம்.

முதல் படி: ப்ராப்பர்ட்டி

பேக்கலர், ஃபோர்கலர், ஃபான்ட் மூன்றும் மேலிருந்து கீழே இறங்கும் ப்ராப்பர்ட்டிகள். ஒரு கண்ட்ரோலில் நாம் தனியாக மதிப்பு கொடுக்காவிட்டால், அது தன்னைத் தாங்கியிருக்கும் பேனலிடமோ ஃபார்மிடமோ எடுத்துக்கொள்ளும். டெக்ஸ்ட்பாக்ஸ் போன்ற சிலவற்றுக்குச் சொந்தப் பின்னணி நிறம் உண்டு. ஃபான்டைப் பொறுத்தவரை, ஃபார்மில் ஒருமுறை எழுதினால் போதும். நாற்பது லேபிளில் நாற்பது முறை எழுத வேண்டியதில்லை.

பட்டனுக்கு ஃப்ளாட்ஸ்டைல் என்ற ப்ராப்பர்ட்டியை ஃப்ளாட் என்று மாற்றினால், ஃப்ளாட்அப்பியரன்ஸ் வழியாக விளிம்பின் நிறம், தடிமன், மவுஸ் மேலே வரும்போதும் அழுத்தும்போதும் மாறும் நிறம் ஆகியவற்றைக் கொடுக்கலாம். ஃப்ளாட் என்று மாற்றாமல் இவற்றை எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. டேட்டாகிரிட்வியூவின் தலைப்பு வரிசைக்கும் இதே கதைதான். எனேபிள்ஹெடர்ஸ்விஷுவல்ஸ்டைல்ஸை ஃபால்ஸ் ஆக்கினால்தான் நாம் கொடுத்த நிறம் தெரியும்.

டெக்ஸ்ட்பாக்ஸில் ஒரு பழைய சிக்கல் உண்டு. எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கியதும் எழுத்து சாம்பல் நிறமாகிவிடும், ஃபோர்கலர் எடுபடாது. பயனர் திருத்தக் கூடாது, ஆனால் தெளிவாகப் படிக்க வேண்டும் என்றால் ரீட்ஒன்லியைப் பயன்படுத்துங்கள். அதிலும் பேக்கலருக்கு ஒரு மதிப்பைக் கோடில் எழுதிய பிறகே ஃபோர்கலர் வேலை செய்யும்.

மெனுவுக்கும் டூல்பாருக்கும் வழி இன்னும் நேரானது. நிறங்களுக்கென்றே இருக்கும் புரொஃபஷனல்கலர்டேபிள் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ் உருவாக்கி, வேண்டிய நிறங்களை மட்டும் ஓவர்ரைட் செய்து, அதை ரெண்டரரிடம் கொடுத்தால் போதும். மொத்த அப்ளிகேஷனுக்கும் ஒரே இடத்தில் மாற்றம் நடந்துவிடும்.

இரண்டாம் படி: ஓனர் டிரா

ஒரு மருந்துக் கடையின் ஸ்டாக் பட்டியலை எடுத்துக்கொள்வோம். லிஸ்ட்பாக்ஸில் மருந்துப் பெயர்கள் இருக்கின்றன. இருப்பு குறைந்த மருந்து அடர்சிவப்பில் தெரிய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தனி நிறம் தரும் ப்ராப்பர்ட்டி லிஸ்ட்பாக்ஸில் இல்லை. எனவே டிராமோடை ஓனர்டிராஃபிக்ஸ்டு என்று மாற்றுகிறோம். அந்த நொடியிலிருந்து வரிகளை வரைவது நம் வேலை. ஒவ்வொரு வரியையும் வரைய வேண்டிய நேரத்தில் டிராஐட்டம் ஈவென்ட் நம்மைக் கூப்பிடும்.

அதற்குள் எழுத வேண்டியவை, வரிசைப்படி: முதலில் இன்டெக்ஸ் மைனஸ் ஒன்றா என்று பாருங்கள். பட்டியல் காலியாக இருக்கும்போது அப்படி வரலாம். பார்க்காமல் விட்டால் புரோகிராம் நின்றுவிடும். அடுத்து டிராபேக்கிரவுண்டைக் கூப்பிடுங்கள். வரி தேர்வாகியிருந்தால் தேர்வு நிறத்தை அதுவே பூசிவிடும். பிறகு எழுத்து நிறத்தை முடிவு செய்யுங்கள். தேர்வான வரி என்றால் ஈவென்ட் தரும் ஃபோர்கலரையே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீலத்தின் மேல் அடர்சிவப்பு படிக்க முடியாது. தேர்வாகாத வரியில் இருப்பு குறைவென்றால் மட்டும் சிவப்பு. பவுண்ட்ஸ் என்ற எல்லைக்குள் பெயரை எழுதுங்கள். கடைசியாக டிராஃபோகஸ்ரெக்டாங்கிளைக் கூப்பிடுங்கள். பலர் விட்டுவிடும் வரி இதுதான். அது இல்லாவிட்டால், மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே வேலை செய்பவருக்குத் தாம் எந்த வரியில் இருக்கிறோம் என்பது சில சமயம் தெரியாமல் போய்விடும்.

வரியின் உயரமும் இனி நம் பொறுப்பு. ஐட்டம்ஹைட்டுக்கு ஒரு நிலையான எண்ணை எழுதாமல், ஃபான்டின் உயரத்தோடு சில பிக்ஸல் கூட்டிக் கணக்கிடுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களையும் நினைத்து, பெயருக்குப் பக்கத்தில் 'குறைவு' என்ற சொல்லையும் சேருங்கள்.

தமிழில் பட்டியல் காட்டுபவர்கள் இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தை வரைய டிராஸ்டிரிங், டெக்ஸ்ட்ரெண்டரர் என்று இரண்டு வழிகள் உள்ளன. 2005-ல் டாட்நெட் 2.0-வோடு வந்த டெக்ஸ்ட்ரெண்டரர், விண்டோஸின் மற்ற கண்ட்ரோல்கள் பயன்படுத்தும் அதே வழியில் எழுத்துகளைக் கோக்கிறது. அதையே பயன்படுத்துங்கள். ஒன்றால் அளந்து மற்றொன்றால் வரைந்தால் கடைசி எழுத்து வெட்டுப்படலாம். விண்டோஸ் 8-லிருந்து உடன் வரும் நிர்மலா யுஐ ஃபான்டைத் தமிழுக்கென்று குறிப்பிட்டுவிடுவதும் நல்லது.

மூன்றாம் படி: முழுவதும் நாமே

வட்ட மூலை கொண்ட பட்டன் வேண்டும் என்றால் ஆன்பெயின்ட் மெத்தடை ஓவர்ரைட் செய்ய வேண்டும். சாதாரண நிலையை வரைவது எளிது. ஆனால் மவுஸ் மேலே இருக்கும் நிலை, அழுத்திய நிலை, ஃபோகஸ் நிலை, முடக்கிய நிலை என்று எல்லாவற்றையும் நாமே வரைந்தாக வேண்டும். நிலை மாறும்போது இன்வாலிடேட்டைக் கூப்பிட வேண்டும். திரை மினுக்காமல் இருக்க டபுள்பஃபர்டை ட்ரூ ஆக்க வேண்டும். உருவாக்கும் பிரஷ், பென் ஒவ்வொன்றையும் யூசிங் பிளாக்கில் வைத்து விடுவிக்க வேண்டும்.

புதிய கிளாஸை கண்ட்ரோல் கிளாஸிலிருந்து தொடங்காமல் பட்டன் கிளாஸிலிருந்தே தொடங்குங்கள். ஸ்பேஸ் கீ, ஆல்ட் குறுக்குவழி, ஸ்கிரீன் ரீடருக்கு 'நான் ஒரு பட்டன்' என்று சொல்லும் தகவல் எல்லாம் கூடவே வந்துவிடும். டெக்ஸ்ட்பாக்ஸில் இந்த வழி செல்லாது. அதை விண்டோஸ் வரைவதால், வழக்கமாக ஆன்பெயின்ட் கூப்பிடப்படுவதே இல்லை.

இத்தனை பாடுபட விருப்பமில்லாதவர்களுக்கு 2006-ல் வந்த டபிள்யூபிஎஃப் இருக்கிறது. அங்கே கண்ட்ரோலின் நடத்தையும் தோற்றமும் தொடக்கத்திலிருந்தே பிரிந்திருக்கின்றன. கண்ட்ரோல்டெம்ப்ளேட்டை மாற்றினால் தோற்றம் மொத்தமும் மாறும். விண்டோஸ் ஃபார்ம்ஸிலும் இருள் தோற்றத்துக்கு இப்போது வழி உண்டு. 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9, செட்கலர்மோட் என்ற மெத்தடைச் சோதனை வசதியாகக் கொடுத்தது.

முடிப்பதற்கு முன்

நிறங்களை ஃபார்ம் ஃபார்மாகச் சிதறவிடாமல் ஒரே கிளாஸில் வையுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு, இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5:1 அளவுக்குக் குறையாமல் பாருங்கள். சிஸ்டம்இன்ஃபர்மேஷனில் ஹைகான்ட்ராஸ்ட் ட்ரூ என்று வந்தால் உங்கள் நிறங்களைக் கைவிட்டு சிஸ்டம்கலர்ஸுக்கு மாறிவிடுங்கள். பார்வைக் குறைவுள்ள ஒருவர் தம் கண்ணுக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்ட திரை அது. அதை மீறும் உரிமை நமக்கு இல்லை.

ப்ராப்பர்ட்டியில் முடிகிற வேலைக்கு ஓனர் டிராவுக்குப் போகாதீர்கள். ஓனர் டிராவில் முடிகிற வேலைக்கு ஆன்பெயின்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் விண்டோஸ் சும்மா செய்து கொடுத்த ஒரு வேலை உங்கள் தலையில் ஏறுகிறது. வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, திரை அளவை 150 சதவீதமாக்கி உங்கள் மென்பொருளை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். அதில் தேறினால் தயங்காமல் கொடுக்கலாம்.