அடுத்தவர் புரோகிராமைப் படித்து நம் வரைபடத்தை வரைவோம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெலில் எண்களை வரிசையாக அடித்து, சார்ட் பட்டனை அழுத்தி, ஒரு படம் வந்ததும் மகிழ்ந்து போவோம். மறுநாள்தான் குறைகள் கண்ணில் படும். தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கோடு நாம் நினைத்த மாதிரி இருக்காது. எந்த மெனுவில் போய் எதை மாற்றுவது என்று தெரியாமல் விட்டுவிடுவோம்.

இதற்கு இன்னொரு வழி இருக்கிறது. வரைபடத்தைக் கட்டளைகளால் வரையும் மென்பொருளைப் பயன்படுத்துவதுதான் அது. கட்டளையா என்று பயப்பட வேண்டாம். ஒன்றைக்கூட மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வேறொருவர் எழுதி வைத்ததை எடுத்து, ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். நாமக்கல் முட்டை விலையை வைத்து இதைச் செய்து பார்ப்போம்.

எந்த மென்பொருள்?

க்னூபிளாட். இது இலவசம். 1986-ல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகியோர் உருவாக்கினார்கள். ஜி, என், யு, பி, எல், ஓ, டி என்ற எழுத்துகளை இணையத்தில் தேடினால் கிடைக்கும். விண்டோஸில் இன்ஸ்டால் செய்ததும் அதன் போல்டருக்குள் 'டெமோ' என்று ஒரு போல்டர் இருக்கும். நமக்கான பாடப்புத்தகம் அதுதான். அதிலுள்ள ஒவ்வொரு பைலும் ஒரு வகை வரைபடத்துக்கான முழு ஸ்கிரிப்ட்.

நமக்கு வேண்டியது 'டைம்டேட்' என்ற பைல். தேதிவாரியாக மாறும் ஓர் அளவை வரைவது அதன் வேலை. அதையும் அதற்குரிய டேட்டா பைலையும் டாக்குமென்ட்ஸ் போல்டருக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். மூலப் பைலில் கை வைக்காதீர்கள். க்னூபிளாட்டைத் திறந்து, 'சிடி' கட்டளையால் அந்த போல்டருக்குப் போய், 'லோட்' கட்டளை கொடுத்து முதலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள். ஓடுகிற ஒன்றை மாற்றும்போதுதான் எந்த மாற்றம் கெடுத்தது என்று தெரியும்.

(இங்கே கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். கீபோர்டில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)

நம் டேட்டா

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் தொடங்கப்பட்டது. என்.இ.சி.சி. என்று சொன்னால்தான் பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். நாமக்கல் மண்டலத்துக்கு அது அறிவிக்கும் விலை செய்தித்தாள்களில் வருகிறது. நோட்பேடில் ஒரு வரிக்கு ஒரு தேதி, ஓர் இடைவெளி, பிறகு விலை காசில் என்று அடித்துச் சேவ் செய்யுங்கள். எடுத்துக்காட்டுக்கு 1-ஆம் தேதி 450 காசு, 5-ஆம் தேதி 460 காசு, 9-ஆம் தேதி 440 காசு என்று வைத்துக்கொள்வோம். விலை மாறிய நாட்களை மட்டும் எழுதினால் போதும்.

இனி டைம்டேட் பைலின் நகலை நோட்பேடில் திறக்கவும். 'பாஸ்' என்று தொடங்கும் முதல் வரியிலிருந்து கீழே உள்ளவை வேறு படங்களுக்கானவை. அவற்றை நீக்கிவிடலாம்.

வரி வரியாக

'டைம்ஃபார்மட்' என்பதன் சுருக்கமான 'டைம்எஃப்எம்டி' உள்ள வரி, டேட்டா பைலில் தேதி எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்கிறது. அதில் நாள், மாதம், வருடத்துக்குப் பிறகு மணி, நிமிடமும் இருக்கும். நம்மிடம் மணி இல்லை. எனவே அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள். ஒய் என்ற எழுத்து சிறியதாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு இலக்கம், பெரியதாக இருந்தால் நான்கு இலக்கம். இதை மாற்றிப் போட்டால் வருடம் தவறாகப் படிக்கப்படும்.

'எக்ஸ்ரேஞ்ச்' வரியில் 1993-ஆம் வருடத் தேதிகள் இருக்கும். அப்படியே விட்டால் நம் தேதிகள் எதுவும் அந்த எல்லைக்குள் வராது. நம் தேதிகளைப் போடுங்கள்.

'ஃபார்மட் எக்ஸ்' வரி, படத்தின் அடியில் தேதி எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு. டேட்டாவில் இருப்பது வேறு, படத்தில் தெரிவது வேறு. இங்கும் மணி, நிமிடத்தை நீக்கினால் தேதிகள் நெருக்கியடிக்காமல் நிற்கும்.

'ஒய்ரேஞ்ச்' வரி விலையின் எல்லை. பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் 10 காசு ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. 430-லிருந்து தொடங்கினால் அதே 10 காசு மலை மாதிரி தெரியும். நீங்கள் தினமும் பார்ப்பதற்கு இரண்டாவது உதவும். மற்றவரிடம் காட்டும்போது எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

'பிளாட்' வரியில் டேட்டா பைலின் பெயரை மாற்றுங்கள். 'யூஸிங்' என்பதற்குப் பிறகு வரும் எண்கள், எந்தக் கட்டத்தை எதற்கு எடுப்பது என்று சொல்பவை. நமக்கு 1, முக்காற்புள்ளி, 2. ஒரு பைலின் பெயர் மட்டும் இருந்தால் போதும். மற்றதை அழித்துவிடலாம்.

ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். ஒரு வரி எதற்கென்று புரியவில்லையா? அதன் தொடக்கத்தில் ஹேஷ் குறி போடுங்கள். அந்த வரி செயல்படாமல் நிற்கும். படத்தில் எது காணாமல் போகிறதோ, அதுதான் அந்த வரியின் வேலை.

கவனிக்காமல் விட்டால் வரும் தவறு

எல்லாம் மாற்றியாகிவிட்டது. படம் அழகாகப் படிப்படியாக வருகிறது. ஆனால் அது பொய் சொல்கிறது!

1-ஆம் தேதியிலிருந்தே 460 காசு என்று காட்டும். உண்மையில் 460 வந்தது 5-ஆம் தேதி. காரணம், நாம் தொடாமல் விட்ட 'ஸ்டைல் டேட்டா' வரி. அதில் 'எஃப்ஸ்டெப்ஸ்' என்று இருக்கிறது. எஃப்ஸ்டெப்ஸ் முதலில் செங்குத்தாக ஏறிவிட்டுப் பிறகு பக்கவாட்டில் நடக்கும். எனவே அடுத்த விலை முந்தைய தேதியிலேயே வந்துவிடும். முன்னால் உள்ள எஃப் என்ற எழுத்தை நீக்கி 'ஸ்டெப்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது 450 என்பது 5-ஆம் தேதி வரை நேராகப் போய், அங்கே ஏறும். அறிவித்த விலை அடுத்த அறிவிப்பு வரை அப்படியே நிற்கும் என்பதால் இதுதான் சரி.

ஓர் எழுத்துதானே என்று நினைக்க வேண்டாம். 3-ஆம் தேதி 10,000 முட்டை விற்றவர் தவறான படத்தைப் பார்த்தால், தனக்கு முட்டைக்கு 10 காசு வீதம் 1,000 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று வியாபாரியிடம் சண்டைக்குப் போவார். டெமோவை எழுதியவர் மேல் தவறில்லை. அவர் வரைந்தது முட்டை விலையை அல்ல. அடுத்தவர் புரோகிராமில் நாம் மாற்றிய வரிகளைவிட மாற்றாமல் விட்ட வரிகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்டெப்ஸில் கடைசி விலைக்கு அகலம் இருக்காது. டேட்டாவின் முடிவில் இன்றைய தேதியையும் அதே விலையையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது கோடு

அறிவிப்பு விலையிலிருந்து குறைத்தே வியாபாரிகள் வாங்குவது உண்டு. உங்கள் கைக்கு வந்த விலையை மூன்றாவது கட்டமாக அடித்து வையுங்கள். அது மாறிய தேதிக்கும் ஒரு வரி வேண்டும். பிளாட் வரியில் ஒரு காற்புள்ளி போட்டு, பைல் பெயரை மறுபடி எழுதி, யூஸிங் எண்களை 1, முக்காற்புள்ளி, 3 என்று கொடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் பணம். வரி நீளமானால் பின்சாய்கோடு போட்டு அடுத்த வரிக்குப் போகலாம். அந்தக் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது.

தலைப்பைத் தமிழில் வைக்க யூனிகோடில் தட்டச்சு செய்து, யூடிஎஃப் 8 முறையில் சேவ் செய்யுங்கள். 'டெர்மினல்' கட்டளையில் 'பிஎன்ஜிகெய்ரோ' என்பதைத் தேர்ந்தெடுத்து, நிர்மலா யூஐ எழுத்துருவைக் குறிப்பிட்டு, 'அவுட்புட்' வரியில் படத்துக்கு ஒரு பெயரும் கொடுத்தால், கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும்.

மேட்டூருக்கும் இதே பைல்

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வரைய வேண்டுமா? 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. இங்கே ஸ்டெப்ஸ் சரிவராது. தண்ணீர் விலை மாதிரி ஒரே நாளில் தாவுவதில்லை, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. எனவே 'லைன்ஸ்' என்று மாற்றுங்கள். பிளாட் வரியின் முடிவில் ஒரு காற்புள்ளியும் 120 என்ற எண்ணும் சேர்த்தால், நிரம்பும் மட்டம் ஒரு நேர்கோடாக வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. டெமோ போல்டரில் உள்ளவற்றைத் தயங்காமல் ஓட்டலாம். ஆனால் யாரோ எங்கோ தந்த ஸ்கிரிப்ட்டைப் படிக்காமல் ஓட்டாதீர்கள். 'சிஸ்டம்' என்ற சொல்லோ, ஆச்சரியக் குறியில் தொடங்கும் வரியோ இருந்தால், அது வரைபடத்தைத் தாண்டி உங்கள் கம்ப்யூட்டருக்கே கட்டளை கொடுக்கக் கூடியது.

நீங்கள் மாற்றிய பைலின் முதல் வரியில் ஹேஷ் குறி போட்டு, எந்த டெமோவிலிருந்து எடுத்தது, எதை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கும்போது, உங்கள் புரோகிராமே அடுத்தவர் புரோகிராம் மாதிரிதான் தெரியும்!