வலி தணிப்புச் சிகிச்சை வீடு தேடி வரவேண்டும்

நோய் குணமாகாது என்று தெரிந்துவிட்டால் மருத்துவம் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இது தவறான எண்ணமாகும். நோயை நீக்க முடியாத நிலையிலும் வலி, மூச்சுத் திணறல், வாந்தி, ஆறாத புண் ஆகியவற்றைத் தணிக்க இயலும். நோயாளியின் மனக்கலக்கத்தையும் குடும்பத்தினரின் சுமையையும் குறைக்க இயலும். இதுவே வலி தணிப்புச் சிகிச்சை எனப்படுகிறது. 1967-ஆம் ஆண்டில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் மருத்துவர் லண்டனில் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் இத்துறைக்கு வழிகாட்டியாக அமைந்தது. புற்றுநோயாளிகளுக்கு மட்டுமன்றி, சிறுநீரக நோய், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றால் நலிந்தோருக்கும் இச்சிகிச்சை தேவைப்படுகிறது. உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவை என்றும், அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதனைப் பெறுகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

மருந்தும் சட்டமும்

கடும் வலிக்கு முதன்மையான மருந்து மார்ஃபின். வாய்வழியாக, நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை, மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படும் இம்மாத்திரை விலை குறைந்தது. இதற்கு மூலப்பொருளான அபினி நம் நாட்டிலேயே அரசு உரிமத்துடன் பயிரிடப்படுகிறது. எனினும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பல உரிமங்களைக் கட்டாயமாக்கியதால், மருத்துவமனைகள் இம்மருந்தை வைத்திருக்கவே தயங்கின. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோகிராமாகச் சுருங்கியது. 2014-ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. சட்டத்தின் தடை பெரிதும் நீங்கிவிட்டது. இனிக் கடக்கவேண்டியது தொலைவு.

இருவகைத் தொலைவு

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளியை எடுத்துக்கொள்வோம். தமிழ் பேசுவோர் பலர் வாழும் நெருக்கமான குடியிருப்பு இது. பெங்களூரில் இச்சிகிச்சைக்குரிய நிறுவனங்கள் இல்லாமலில்லை. அரசின் கித்வாய் புற்றுநோய் நிலையம் ஒசூர் சாலைப் பகுதியில் உள்ளது. 1994-இல் அமைக்கப்பட்ட பெங்களூர் ஹாஸ்பிஸ் அறக்கட்டளை, மாரத்தஹள்ளிப் பகுதியில் 'கருணாஸ்ரயா' என்னும் இல்லத்தை நடத்திவருகிறது. அங்குப் புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் உள்ளோர் கட்டணமின்றிப் பராமரிக்கப்படுகின்றனர்.

ஆயினும், ஜீவனஹள்ளி போன்ற பகுதியில் படுக்கையில் கிடக்கும் நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, குடும்பத்தில் ஒருவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். வாகன வாடகையும் தேவை. வலியின் தன்மையை மருத்துவரிடம் தம் தாய்மொழியில் விளக்க முடியாதவருக்கு மொழியும் ஒரு தடையே. இத்தொலைவைச் சில கிலோமீட்டர் என்று மட்டும் அளந்துவிட முடியாது.

சாமராஜநகர் மாவட்டக் காடுகளில் வாழும் சோலிகருக்கும், குடகு, மைசூர் மாவட்டங்களில் வாழும் ஜேனு குருபருக்கும் இத்தடைகளோடு காட்டுவழித் தொலைவும் சேர்கிறது. மேலும், தம் மக்களிடையே, தமக்குரிய சடங்குகளுடன் இறுதி நாட்களைக் கழிக்க விரும்புவோரை அயலிடத்துப் படுக்கைக்குக் கொண்டுசெல்வது சிகிச்சையின் நோக்கத்திற்கே முரணாகும்.

அண்டை மாநிலங்களின் அனுபவம்

இதற்குத் தீர்வு காண்பதில் கேரளம் முன்னோடியாகத் திகழ்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் முதலானோர் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், காலப்போக்கில் ஊர்தோறும் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தி, வீடுதோறும் சென்று பராமரிக்கும் ஏற்பாடு அங்கு நடைமுறைக்கு வந்தது. அண்டை வீட்டார் நோயாளியைக் கண்டறிகின்றனர். செவிலியர் புண்ணைத் தூய்மை செய்து, பராமரிக்கும் முறையைக் குடும்பத்தினருக்குக் கற்பிக்கிறார். மருத்துவர் தேவையானபோது வருகிறார்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று, பெங்களூரை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை இடம்பெற்றுள்ளது.

செய்யவேண்டியவை

மைய அரசு 2012-இல் தேசிய வலி தணிப்புச் சிகிச்சைத் திட்டத்தை வகுத்தது. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்கள் வழங்கவேண்டிய சேவைகளுள் இச்சிகிச்சையும் ஒன்றாகும். எனவே, அடித்தளம் இடப்பட்டுவிட்டது. அதன்மீது எழவேண்டியவை மூன்று. முதலாவது, ஆஷா பணியாளர்களும் செவிலியரும் வலியைக் கேட்டறிந்து மதிப்பிடப் பயிற்சி பெறுதல். இரண்டாவது, மாவட்ட மருத்துவமனை வரையிலாவது மார்ஃபின் தடையின்றிக் கிடைத்தல். மூன்றாவது, பழங்குடி மக்களின் மொழியையும் வழக்கத்தையும் அறிந்தவர்களை அச்சமூகங்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பணியில் அமர்த்துதல்.

இவற்றுக்குப் பெருங்கட்டடங்கள் தேவையில்லை. நகரின் குறுகிய தெருவிலும் மலையடிவாரக் குடிலிலும் ஒரு செவிலியர் குறித்த நாளில் தவறாது வந்து சேர்வாரானால், தீராத நோயுற்றவர் வலியின்றி உறங்க முடியும். நலத்திட்டம் ஒன்றின் பயனை அளக்க இதுவும் ஓர் அளவுகோலாகும்.